பச்சைக் களிம்பு

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆம்ப்ரோஸ் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சேஷகிரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பின்பக்கத்தில் ஏதோ ஒரு டிரம் மோட்டாரில் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

சேஷகிரி கர்நாடக அரசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நாணயம் சேர்ப்பதில் பைத்தியம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்துக்கு ஆம்ப்ரோஸ் புதிதாக வந்து ஒரு செப்புக் காசைக் காட்டினார். யானை பொறித்த, திப்பு காலத்துக் காசு. வீட்டில் குழி தோண்டியபோது ஒரு பானை நிறையக் கிடைத்ததாம். ஆனால் நேற்று விளக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது.

"மெஷின்ல போட்டு நானே கிளீன் பண்ணேன் சார்" என்றார் பெருமையாக.

எல்லோரும் சிரித்தார்கள். பச்சைக் களிம்புதான் காசின் பழமைக்குச் சாட்சி; அதைத் தேய்த்து எடுத்த காசை யார் சீண்டுவார்கள்?

சேஷகிரி மட்டும் சிரிக்கவில்லை. பானையில் மிச்சம் இருக்குமே என்று யோசித்தார். நைசாக விலாசத்தை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் பணம் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

ஆம்ப்ரோஸ் மோட்டாரை நிறுத்தி வரவேற்றார். டிரம்மைத் திறந்து பார்க்கச் சேஷகிரிக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில் பளபளக்கும் காசுகள். இன்னொன்றில் கறுத்து, பச்சைக் களிம்பு ஏறிய காசுகள்.

"இந்தத் தட்டு முடிஞ்சிடுச்சு சார். அந்த அழுக்கையும் இன்னிக்குப் போட்டுடுவேன்."

சேஷகிரி மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். முட்டாள் கையில் புதையல்.

"இந்தப் பச்சை இருக்கே, சுத்த விஷம்" என்றார். "வீட்டுல வச்சுக்கவே கூடாது. எங்கிட்ட குடுத்துடுங்கோ, நான் அப்புறப்படுத்திடறேன்."

"விஷமா?" காபி கொண்டுவந்த மனைவி பிரிஜெட் முகம் சுளித்தாள். "சீக்கிரம் மெஷின்ல போடுங்க."

ஆம்ப்ரோஸ் ஒரு கை அள்ளினார். சேஷகிரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சும்மா தரவேண்டாம். விலை தரேன்."

"அழுக்குக்கா சார்? பளபளன்னு இருக்கறதை எடுத்துக்குங்க."

"அது உங்க உழைப்பு. அதை நான் தொடமாட்டேன்."

ஆம்ப்ரோஸுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கை டிரம் பக்கம் போன ஒவ்வொரு தடவையும் விலை ஏறியது. கடைசியில் பேங்க் கவர் முழுதாகக் கை மாறியது. தட்டு சேஷகிரியின் பைக்குள் கவிழ்ந்தது.

கிளம்பும்போது அவர் பழைய அதிகாரக் குரலில் சொன்னார்: "புதையல் எடுத்தா சர்க்காருக்குச் சொல்லணும். இல்லேன்னா ஜெயில். நான் இங்க வந்ததை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கோ. நானும் விடமாட்டேன்."

"சத்தியமா சொல்லமாட்டோம் சார்" என்றாள் பிரிஜெட் பயந்த குரலில்.

ஏமாந்த அந்தத் தம்பதியை நினைத்துப் பாவப்பட்டுக்கொண்டே சேஷகிரி ஸ்கூட்டரை உதைத்தார். அந்த இரக்கம் தெருமுனைவரை நீடித்தது.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் பிரிஜெட் காலித் தட்டைக் கழுவி வைத்தாள். "மைசூர்க்காரர் சனிக்கிழமை காசு வாங்க வராரே. அவருக்கு என்னத்தைக் காட்டறது?"

"வினிகரும் உப்பும் எடுத்துட்டு வா" என்றார் ஆம்ப்ரோஸ்.

சிவாஜி நகர்ப் பட்டறையில் போன வாரம்தான் அடித்து வாங்கிய அந்தப் பளபளக்கும் காசுகள், இருநூறு வருஷம் பழசாவதற்காக டிரம்முக்குள் சுழல ஆரம்பித்தன.