நரிப்பேட்டைத் துண்டு

முதல் குத்து ஒத்தாவியோவின் தாடையில் இறங்கியது. இரண்டாவது விலாவில். சியேனா நகரத்துக் கல் பாவிய சந்தில் அவன் மல்லாந்து விழ, சுற்றி நின்ற கூட்டம், "அப்படிப் போடு!" என்று கத்தியது.

"யோவ், உதடு பத்திரம்! ஞாயித்துக்கிழமை கச்சேரி இருக்கு!" என்று அலறினாள் அவன் மனைவி ஃபியோரெல்லா. ஒத்தாவியோ பொலோனியா ஊர் டிரம்பெட்காரன். உதடு கிழிந்தால் அவனுக்குச் சோறு கிடையாது.

வினையைக் காலையில் அவனேதான் பேரம் பேசி வாங்கினான். ரெண்டு நாள் ஊர் பார்க்க வந்தவன், உள்ளூர்க்காரன்போல் இருந்தால் கடைக்காரர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று, நரிப்பேட்டையின் மஞ்சள் பட்டுத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். கோபுரம் பார்த்தான், தேவாலயம் பார்த்தான். அதே மிதப்பில் சேவல்பேட்டைச் சந்துக்குள்ளும் நுழைந்துவிட்டான்.

ஊர்ப் பேட்டைகள் ஒன்றோடொன்று மோதும் குதிரைப் பந்தயத்துக்கு மூன்றே நாள். நரிக்கும் சேவலுக்கும் தலைமுறைப் பகை.

"எங்க சந்துல நரிக்கு என்னடா வேலை?" என்று ஒரு கிழவர் அதட்டினார். கூட்டம் சேர்ந்தது. மடிப்புக் கலையாத சிவப்புத் துண்டு கட்டிய தடியன் ஒருவனை, "நீ போடா!" என்று எல்லோருமாகப் பிடித்து முன்னே தள்ளினார்கள்.

'நான் வெளியூர்' என்று சொல்ல வாயெடுத்த ஒத்தாவியோ, அப்படியே விழுங்கிவிட்டான். பேட்டைத் துண்டை வேஷத்துக்குக் கட்டியவன் என்று தெரிந்தால் இரண்டு பேட்டையும் சேர்ந்து மொத்தும்.

"நரிதான்! இப்ப என்னாங்கிற?" என்று சொல்லி முடிப்பதற்குள்தான் அந்த முதல் குத்து.

"எங்கடா, ஒரு ஊளை விடு பாக்கலாம்!" என்றது கூட்டம்.

"சேவலைக் குழம்பு வெக்காம போகமாட்டேன்டா!" என்று எழுந்தான் ஒத்தாவியோ. தடியனின் அடுத்த குத்து நேராக வாயைப் பார்த்து வந்தது. ஒத்தாவியோ தலையைக் குனிந்து அவன் மூக்கிலேயே முட்டினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. ரத்தம் இருவர் சட்டையிலும் தெறித்தது.

ஒத்தாவியோவுக்கு வெறி ஏறிவிட்டது. தடியனின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி இறுக்கினான். காது சிவந்து, முகம் நீலம் பாரித்தது. கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டி, "விடாத, திருப்பி அடி! பேட்டை மானம்டா!" என்றார்.

ஒத்தாவியோ கடைசிக் குத்துக்கு முஷ்டியை ஓங்கினான். தடியன் திணறிக்கொண்டே கக்கத்துக்குள்ளிருந்து, கூட்டத்துக்குக் கேட்காமல் கிசுகிசுத்தான்.

"மெதுவாண்ணே... நான் நேப்பிள்ஸ்காரன், ஊர் சுத்திப் பாக்க வந்தேன்."