ரோஸ்லினின் ஆபத்து விகிதம்

மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற கணவனுக்கே இருநூறு சதவீத ஆபத்துதான் போட்டிருக்கிறார்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எழுநூறா என்று நினைத்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா.

கடன்களின் ஆபத்துக்கு ஏற்பப் பணம் ஒதுக்கிவைக்கும் வங்கிகளைப் போலவே, குடும்பங்களும் அட்டையிலுள்ள ஒவ்வொருவரின் ஆபத்துக்கும் ஏற்பக் காப்புத்தொகை முடக்கிவைக்க வேண்டும் என்பது சட்டம். வலிப்பு வரும் மகள் ரோஸ்லினுக்கு அவர்களால் அது முடியவில்லை. நாளை வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும்.

"பாப்பா பேர குடும்ப அட்டைலருந்து எடுத்துருங்கக்கா, வீடு தப்பிச்சிரும். அரசு விடுதில சேத்துக்கிடுவாங்க," என்றார் வங்கி அதிகாரி. "மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாக்கலாம்."

"வீடு இல்லாம அவள எங்க வச்சுப் பாப்ப, ஜெசி?" என்றான் கணவன் தொம்மை.

பெயரை நீக்கச் சம்மதம் வாங்க, அதிகாரி கைரேகைக் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். ஜெசிந்தா பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக மூடிக்கொண்டாள்.