பட்டி பார்த்த சுவர்

இந்த வீட்டில் மட்டும் பெயின்டர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு முன்பு பார்த்த பதினொரு வீடுகளிலும் தட்டினார். செருப்பைக் கழற்றுவதற்குள் விரல் முட்டி சுவருக்குப் போய்விடும். டொக் டொக் என்று இரண்டு தட்டு. பிறகு மூலையில் மூக்கை வைத்து ஒரு மோப்பம். "ஓதம் அடிக்குது. வேண்டாம்." அதோடு அந்த வீட்டின் கதை முடிந்துவிடும்.

சுவருக்குள் தண்ணீர் ஊறுவதை வாசலில் நின்றே சொல்லிவிடுவார் என்று அவர் மனைவி முதலில் அக்கம்பக்கத்தில் பெருமையடித்தாள். ஐந்தாவது வீட்டோடு பெருமை போய் எரிச்சல் வந்தது. பதினோராவது வீட்டிலிருந்து திரும்பும்போது அவள் அவருக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

அந்தப் பகுதியை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. பழைய பகுதி. வீடுகள் சின்னவை, விலையும் அவர்கள் கைக்கு எட்டுகிற விலை. தெருவின் இரண்டு பக்கத்து மரங்களும் மேலே போய்க் கைகோத்திருக்கும். மகளின் பள்ளி, மருந்துக்கடை, அவள் தைக்கப் போகும் கம்பெனி எல்லாம் நடக்கிற தூரம். இங்கே அமையாவிட்டால், இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பொட்டல்வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும். அங்கே யாரைத் தெரியும்?

அதனால் இந்த முறை அவளே தேடினாள். அவரிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்து, ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்தாள்.

கேட்டருகே சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு நின்ற புரோக்கர், பெயின்டரைப் பார்த்ததும் சுழற்றுவதை நிறுத்தினார்.

"வாங்க சார், வணக்கம்" என்றார்.

இரண்டு மாதம் முன்பு வரை அவருக்கு இவர் 'யோவ்'தான்.

பெயின்டரும் பதிலுக்குக் கும்பிட்டார். இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பவர்கள் போல நடந்துகொண்டார்கள். நடிப்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஹாலின் மேற்குச் சுவர் பிஸ்தா பச்சையில் பளபளத்தது. இரண்டு மாதம் முன்பு அது மேலிருந்து கீழ்வரை நனைந்து, உப்புப் பூத்து, தொட்டால் உதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு மாதம் தாங்கினால் போதும், அதற்குள் தள்ளிவிடுகிறேன் என்று இதே புரோக்கர்தான் சொன்னார். பெயின்டர் உப்பைச் சுரண்டி, மருந்தடித்து, இரண்டு தடவை பட்டி பார்த்து, வண்ணம் பூசிக் கொடுத்தார். சுத்தமான வேலை. அவரே மெச்சிக்கொண்ட வேலை.

இப்போது அவர் மனைவி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஓதம் என்றால், அதை மறைத்துப் பூசியது யார் என்று பக்கத்தில் சாவியோடு நிற்கிற ஆளுக்குத் தெரியும். பேசாமல் இருந்தால், இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் சுவரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இவள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் ஆயுசு முழுக்கத் தூங்க வேண்டும். பெயின்டருக்கு வெட்கமாக இருந்தது.

புரோக்கர் சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினார். மணியடித்த மாதிரியே தெரியவில்லை.

"இந்தச் சுவரு..." என்று பெயின்டர் மென்று முழுங்கினார்.

"தெரியும்" என்றாள். "இதைப் பூசின வாரம் பூரா உங்க சட்டையில இந்தக் கலர்தான். தொவச்சது யாரு? இதை வச்சுத்தான் வீட்டையே கண்டுபிடிச்சேன்."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"அந்தப் பதினொண்ணும் நீங்க ஈரத்த மறைச்சுப் பூசினதுதானே? போகப் போகப் புரிஞ்சுபோச்சு. தட்டித் தட்டிப் பாத்தீங்களே, பெரிய டாக்டர் மாதிரி. சிரிப்ப அடக்கிக்கிட்டு நின்னேன். அப்புறம் அழுகையா வந்துச்சு."

பெயின்டர் தரையைப் பார்த்தார்.

"இந்த வீட்ட முடிச்சுட்டு வந்த அன்னிக்கு, சாப்பிடும்போது நீங்களே பொலம்புனீங்க. மாடி பாத்ரூம்ல ஒரே ஒரு பைப்ப மாத்தினா ஜென்மத்துக்கும் தொல்லை இல்ல, அத விட்டுட்டுப் பூசச் சொல்றானேன்னு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வீட்டப் பத்தி நீங்க அப்படிச் சொன்னது இந்த ஒரு தடவதான்."

அவருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

அவள் கைப்பையைத் திறந்தாள். முன்பணம் எடுக்கிறாள் என்று நினைத்தார். எடுத்தது அவருடைய சுரண்டும் தகடு. மரப்பிடியில் பழைய வண்ணங்கள் ஒட்டியிருந்தன.

"அவர் வரட்டும். அவர் கண்ணு முன்னாடியே சுரண்டுங்க."

இனி அந்த ஆளிடமிருந்து ஒரு வேலையும் வராது. மற்ற புரோக்கர்களிடமிருந்தும் வராது. பெயின்டர் அதை நினைத்துப் பார்க்கிற நேரத்துக்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் தகட்டை வாங்கிக்கொண்டார். மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். பிஸ்தா பச்சை ஏடாக உரிந்து விழுந்தது. அடியில் ஈரமான சிமென்ட் பூச்சு கறுத்துக் கிடந்தது.

உள்ளே வந்த புரோக்கர் சுவரைப் பார்த்தார், பெயின்டரைப் பார்த்தார், போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"இப்ப சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். "வீடு என்ன வெல?"