யாருக்கு யார் பேரன்

பரிசோதனைக்கூடத்தில் இரண்டு தொழுநோய்க் கிருமிகள் அடுத்தடுத்த குழாய்களில் இருந்தன. ஒன்று பூரணத்தின் காதுமடலில் எடுத்தது; மற்றது அவள் மாமியாரிடம் எடுத்தது. நோயைக் கொண்டுவந்தவள் என்று பூரணத்தைக் கைக்குழந்தையிடமிருந்து பிரித்துத் தாய்வீட்டுக்கு விரட்டியிருந்தார்கள்.

"வாடா பேராண்டி! நீ மாமியாரிடம் தொற்றிப் போனதால் என் பூரணத்துக்குத்தான் கெட்ட பேர்," என்று வருந்தியது பூரணத்தின் கிருமி.

"யாருக்கு யாருடா பேரன்? முதலில் உன் மரபணு அடையாளத்தைக் காட்டு," என்றது மற்றது.

ஒப்பிட்டுப் பார்த்தன. எதுவும் ஒத்துவரவில்லை.

"நீ வேறு வம்சம். மாமியார்க்காரி தேமல் என்று மஞ்சள் பூசி மறைத்தபோதே நான் அங்கே இருந்தேன். உன் பூரணம் அப்போது வாக்கப்படவே இல்லை."

பூரணத்தின் கிருமிக்குப் போன உயிர் திரும்பியது. "அண்ணே, அப்படியானால் குழந்தையை அவளிடம் கொடுக்கச் சொல்லேன்."

"நாம் சொல்லியா கேட்பார்கள்? பெற்றவள் வாசலில் நின்று கதறினாளே, கேட்டார்களா?"