இமைக்காத கண்

பால்டிமோரில் ஞாயிறு மதியம். தேவாலயத்திலிருந்து வந்த வெர்னெட்டா தொப்பியைக்கூடக் கழற்றாமல் தம்பி டுவைட்டின் சமையலறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் பொரித்த கோழி ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் மகனைக் கொன்ற துப்பாக்கி எந்தக் கடையில் விற்கப்பட்டது என்று துப்புத் துலக்கியவன், போலீஸ் வேலையிலிருக்கும் டுவைட்தான். அதை வெளியே சொல்லச் சட்டம் விடாது. சொல்லலாம் என்கிற மசோதா இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது.

“வாயத் திறந்தா வேலை போயிடும்க்கா.”

“நீ திறக்க வேணாம்டா. நானே ஒவ்வொரு கடையா சொல்றேன். அந்தக் கடை பேரு வந்தா கண்ண மட்டும் மூடு.”

அவள் நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறாள். அவன் இமைக்காமல் அவளையே பார்க்கிறான். கண் எரிந்து, நீர் கன்னத்தில் வழிகிறது. வெர்னெட்டா கைநீட்டி அதைத் துடைத்துவிட்டு, அடுத்த பெயரைச் சொல்கிறாள்.