ராஜராஜன் வைத்த மொய்

ராஜராஜனை நேரில் பார்த்தால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்பது என்று அறிவழகன் ஐந்து வருடமாக முடிவு பண்ணி வைத்திருந்தான். ஆளைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பேரை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

இன்றைக்கு அந்தப் பேர் வக்கீல் மேசைக்கு வரப்போகிறது. பெண்டாட்டி வெற்றிச்செல்வி அதற்கு எப்படி முழிக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே சிறுவாச்சூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் மரிய புஷ்பம் ஏலாக்குறிச்சிக்காரர். இரண்டு பேரும் சம்மதித்துத்தான் விவாகரத்து கேட்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகும் முன் உள்ளதையும் கடனையும் இங்கேயே பங்கு பிரித்து எழுதிக்கொண்டால் பின்னால் தொல்லை இல்லை என்று சொல்லி, எல்லாக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

காகிதமெல்லாம் சண்டையே இல்லாமல் முடிந்தது. டிப்பர் லாரியும் அதன் தவணையும் அவனுக்கு, அவள் பேரிலிருந்த சேமிப்பும் மகளிர் குழுக் கடனும் அவளுக்கு. வீடு அவன் அப்பா கொடுத்த மனையில் கட்டியது. அதில் அவள் போட்ட சம்பளக் காசு மூன்று லட்சத்தை அவன் திருப்பித் தருவதாகப் பேசி முடித்தார்கள்.

கிரைண்டரை யார் எடுப்பது என்பதில்கூட அவன் அவளை எடுத்துக்கச் சொன்னான், அவள் அவனை எடுத்துக்கச் சொன்னாள். இதுகள் எதற்குத்தான் பிரிகின்றன என்று வக்கீலம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக வந்தது மொய் நோட்டு, வீடு குடிபோன அன்றைக்கு எழுதியது. சட்டத்தில் அதற்கு இடமில்லைதான். ஆனால் நமக்கு மொய் வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைக்காவிட்டால் ஊரில் மானம் போய்விடுமே. அவன் வழியில் வந்ததை அவன் செய்வது, அவள் வழியில் வந்ததை அவள் செய்வது என்று ஆனது.

அவன் வழியில் பதினெட்டுப் பக்கம். அவள் வழியில் ஒரே ஒரு பக்கம், அதுவும் மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் வைத்த இருநூறும் முந்நூறும். காதலித்துக் கட்டிக்கொண்டவள் என்பதால் அவள் பிறந்த ஊரான ரஞ்சன்குடியிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தின் உச்சியில் முதல் வரியாக இருந்தது, 'ராஜராஜன், அரியலூர், ரூ.10,001'.

அறிவழகனின் சொந்தத் தாய்மாமனே ஐயாயிரம்தான் வைத்திருந்தார். குடிபோன மறுநாள் நோட்டைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தபோது பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. யார் இது என்று அவளிடமே கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டால் ஒரு பொய்யைத் தயார் பண்ணிவிடுவாள், கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும் என்று மகராசன் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கவில்லை, மற்றதெல்லாம் கேட்டான். அவள் போன் அடித்தால் யார் என்பான், பஸ் தாமதமானால் யாரோடு வந்தாய் என்பான், புதுப் புடவை கட்டினால் எவனுக்குக் காட்ட என்பான். அரியலூர் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும்போதெல்லாம் லாரியை ஓரங்கட்டிவிட்டு ராஜராஜன்களைத் தேடினான். உரக்கடைக்காரர் ஒருவரைப் பத்து நாள் நோட்டம் விட்டதில் அந்த மனிதருக்கு எழுபது வயது என்று தெரிந்தது.

ஐந்து வருடம் பொறுத்தவள் போன தை மாதம் பெட்டியைக் கட்டிவிட்டாள். போகிறவள் போகட்டும், அந்த ராஜராஜனிடமே போகட்டும் என்று இவனும் விவாகரத்துக்குத் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு ஒரு வாரம் லாரி ஓட்டப் போகாமல் கிடந்தான்.

வக்கீலம்மா அந்த முதல் வரியில் பேனாவை வைத்தார். பெரிய மொய்யாக இருக்கிறதே, இவருக்குத் திருப்பிச் செய்தாயிற்றா என்று கேட்டார்.

"அஞ்சு வருசமா ஒரு பத்திரிகை வரல மேடம்" என்றான் அறிவழகன். "பத்தாயிரம் வச்சவன் ஒரு காதுகுத்துக்குக்கூடவா கூப்புடாம இருப்பான்? என் மூஞ்சியில முழிக்கப் பயம் அவனுக்கு."

வெற்றிச்செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள். அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. லாரியும் வேண்டாம், வீடும் வேண்டாம், எல்லாவற்றையும் இவள் பேருக்கே எழுதிவிடுங்கள், அவன் யாரென்று மட்டும் இவள் வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்று வக்கீலம்மாவிடம் கெஞ்சினான்.

"இந்தப் பேராலதானா?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி. "இத்தன வருசமா நீங்க என்னைப் போட்டு வதைச்சதெல்லாம் இந்தப் பேராலதானா?"

"ஆமா. யாரு அவன், சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது, வந்தது அழுகை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் வக்கீலம்மாவிடம் சொன்னாள்.

"எங்க வூட்டு ஆளு ஒருத்தர்கூட வரலைன்னு இவங்க சொந்தக்காரங்க சிரிச்சிடக் கூடாதேன்னு, என் காதுத் தோட்டை வித்து நானே எழுதவச்ச பேரு மேடம் அது."