நைலான் உருளை

“இந்தத் தடவையும் கழுத்தறுத்துடுச்சுடா” என்று சொல்லிக்கொண்டே வந்த சித்தீக், மீன் துப்பாக்கியைக் கட்டிலோரமாகச் சாய்த்து வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு நைலான் உருளையை எடுத்துக் கிளாட்சனின் கையில் போட்டான். அதன் விளிம்பு நசுங்கிப் பிளந்திருந்தது.

கிளாட்சன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன ஞாயிறு கொண்டுவந்ததும் இப்படித்தான். அதற்கு முந்தியதும் இப்படித்தான்.

“மீன் மாட்டுச்சா?”

“எங்க மாட்டுது? பெரிய களவா மீனு, கைக்கெட்டுற தூரத்துல நின்னுச்சு. குறி வச்சு விசையைத் தட்டுறேன், படக்குனு உருளை போயிடுச்சு. கம்பி ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம். மண்டபத்துலேர்ந்து வெறுங்கையோட வண்டியை ஓட்டிக்கிட்டு வர்றேன்.”

இருவரும் மஸ்கட்டில் ஒரே அறையில் இருந்தவர்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கி மீனை அடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஊர் திரும்பியதும் சித்தீக் முத்துப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தான். கிளாட்சன் தச்சு வேலைக்குப் போனான். அந்தத் துப்பாக்கியின் தேக்குக் கட்டையை இழைத்ததும் அவன்தான்.

போன வருஷம் மண்டபத்துக் கடலில் படகு ஆடியபோது, கிளாட்சன் கால் வழுக்கி, படகின் விளிம்பில் முதுகு அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தான். அவனை மேலே தூக்கியது சித்தீக்தான். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. மனைவி ஜாய்ஸ் தூக்கி உட்கார வைத்தால் உட்காருவான், படுக்க வைத்தால் படுப்பான்.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த சமயம் சித்தீக் இந்தத் துப்பாக்கியோடு வந்து நின்றான். “மாப்ள, இதுக்கு ரெண்டு உருளை செஞ்சு குடு. கடையில கிடைக்கிறது நம்ம கட்டைக்குப் பொருந்தாது.”

சாதாரணத் துப்பாக்கியில் ரப்பரை முனையிலேயே கட்டிவிடுவார்கள். உருளை வைத்தால் ரப்பர் அடிப்பக்கமிருந்து முனையைச் சுற்றி மேலே வரும். இழுவை நீளும், மீனைக் குத்தும் கம்பி வேகமாகப் பாயும். கட்டிலின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதில் டிரில் மெஷினை இறுக்கிக் கட்டினான் கிளாட்சன். நைலான் துண்டை அதில் சுழலவிட்டு, அரத்தைக் கொடுத்து, நடுவில் ரப்பர் உட்காரும்படி பள்ளம் கடைந்தான். சித்தீக் கொடுத்த குட்டி பேரிங்குகளை இரண்டு பக்கமும் தட்டி இறக்கினான். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் சத்தமே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட உருளைதான் வாராவாரம் உடைந்து வருகிறது.

துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தான் கிளாட்சன். கட்டையில் ஒரு பொட்டு உப்பில்லை. நன்றாகக் கழுவித்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

“இங்க இழுத்துப் பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே?” டீயோடு வந்த ஜாய்ஸ் கேட்டாள்.

“கடல்ல தாங்கலையே தங்கச்சி.” டம்ளரை வாங்கிக்கொண்ட சித்தீக் வேறெங்கோ பார்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே அறுவடை மெஷின் குறுவை வயலில் இரைந்துகொண்டிருந்தது. கிளாட்சன் அரத்தை எடுத்தான். மறுபடியும் கீழே வைத்தான்.

“கால்தான் போச்சுன்னு நினைச்சேன். கையும் போயிடுச்சு போல. இதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடு சித்தீக்.”

“டேய், இன்னும் ஒரே ஒரு தடவை பாரேன். அடுத்த வாரம்…”

கிளாட்சன் உடைந்த உருளையைக் கையில் எடுத்தான். பிறகு, “சரி, செய்றேன். ஆனா இந்தத் தடவை நானும் வர்றேன்” என்றான். “என்னைத் தூக்கிப் படகுல உட்கார வை. எப்படி உடையுதுன்னு என் கண்ணால பார்த்தாத்தான் எனக்குப் புரியும்.”

ஜாய்ஸ் திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசலைத் தாண்ட மறுத்தவன். ஈஸ்டர் பூசைக்குக்கூட வரமாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவன்.

சித்தீக்கின் முகம் வெளிறிப் போயிற்று.

“வேணாம்டா.”

“ஏன்? நான் உனக்குப் பாரமா?”

“அய்யோ, அது இல்லடா.” அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “நான் மண்டபத்துக்கே போகல. உன்னைத் தூக்கிக்கிட்டுக் கரையேறினவன்தான், அதுக்கப்புறம் கடல்ல காலே வைக்கல. தண்ணியைப் பார்த்தாலே உதறுது.”

“அப்ப இந்த உருளை?”

“கடையில வச்சு நான்தான் சுத்தியலால அடிச்சேன். எல்லாத்தையும் நான்தான் உடைச்சேன்.”

கையிலிருந்த உருளையைக் கிளாட்சன் விட்டெறிந்தான். அது சித்தீக்கின் தோளில் பட்டுத் தெறித்து, கட்டிலுக்கடியில் உருண்டது. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் கிளாட்சன் பலகையைக் குத்தினான்.

“வாரம் பூரா உயிரைக் குடுத்துச் செய்றேனேடா! ஏன்டா உடைச்ச?”

சித்தீக் தலை நிமிரவில்லை.

“இது நல்லா அமைஞ்சுட்டா, மறுநாள் காலையில நீ எதுக்குடா கண்ணு முழிப்ப?”